தடுப்பூசிப் பிரிவுச் செவிலியர் மீது நான் கொடுத்த புகாரின் மேல் ஒரு புகார்

அனுப்புநர்
மனு தட்டச்சர்,
எட்டு மாதப் பெண் குழந்தையின் தந்தை,
இரண்டாம் மாடி, பின்பக்க வீடு,
பழைய அச்சகத் தெரு.

பெறுநர்
பொதுச் சுகாதார அலுவலர் அவர்கள்,
பொதுச் சுகாதார அலுவலகம்,
புகார் பிரிவு வழியாக.

பொருள்: தாய் சேய் நல நிலையம் – தடுப்பூசிப் பிரிவு – தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொன்ன செவிலியர் – அவர் மீது என்னால் கொடுக்கப்பட்ட பொய்ப் புகார் – அதன்பேரில் எடுக்கப்பட்ட நடவடிக்கையை ரத்து செய்யவும், சொட்டு மருந்து பற்றிய அறிவிப்பை மீண்டும் வைக்கவும், என் மீது உரிய நடவடிக்கை எடுக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இவ்வாண்டு மார்ச் 20 நாளிட்ட எனது புகார் மனு.
2. ஏப்ரல் 9 நாளிட்ட தங்கள் அலுவலக ஆணை.
3. குழந்தைகள் மருத்துவமனையின் ஜூலை 14 நாளிட்ட டிஸ்சார்ஜ் சீட்டு.

மதிப்பிற்குரிய அம்மா,

1. இந்த மனுவைத் தட்டச்சு செய்தவனும் நானே, மனுதாரரும் நானே, எதிர்மனுதாரரும் நானே. ஒரே ஆள் மூன்று இடத்தில் வருவது தங்கள் அலுவலக நடைமுறைக்குப் புதிதாக இருக்கலாம் என்பதால், அப்படி வர நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடந்த மாதம் 8ஆம் தேதி, பார்வை ஒன்றில் கண்ட என் புகாரைத் திரும்பப் பெறுவதற்காகத் தங்கள் புகார் பிரிவுக்கு வந்தேன். பிரிவு எழுத்தர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது முடிஞ்ச ஃபைல் சார். ஆர்டர் போட்டு, கட்டு கட்டி, மேல் ரேக்குல ஏத்தியாச்சு. வாபஸ் வாங்கறதா இருந்தா முடியறதுக்கு முன்னாடி வந்திருக்கணும். இப்ப புதுசா ஏதாவது புகார் இருந்தா கொடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார். சரி, புதிய புகாரே தருகிறேன் என்றேன். யார் மேல் என்று கேட்டார். என் மேல் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எழுதிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார். எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

2. நான் கடந்த பதினொரு ஆண்டுகளாக, அலுவலகங்கள் நிறைந்த ஒரு தெருவில், மாடிப்படிக்கு அடியில் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்துக்கொண்டு, பொதுமக்களுக்கு மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்து வருகிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, ஓய்வூதியம் நின்றுவிட்டது என்று வருகிறவர்கள் அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் சொல்வதை, நான் ‘மிகுந்த வேதனையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று மாற்றித் தருவேன். எந்தச் சொல் ஓர் அதிகாரியின் பார்வையை நிறுத்தும், எந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுவார் என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. யாருக்கு அடித்தாலும் முன்னதாக இருபது கேள்வியாவது கேட்பேன். நீங்கள் நேரில் பார்த்தீர்களா, யார் சொன்னது, என்றைக்கு, கையில் காகிதம் ஏதாவது உண்டா. பொய் என்று பட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியதும் உண்டு. என் சொந்த மனுவுக்கு மட்டும் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் மனைவியிடம்கூடக் கேட்கவில்லை.

3. எங்கள் மகள் இவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் தேதி பிறந்தாள். முதல் மூன்று நாள் என் மனைவிக்குப் பால் சரியாக இறங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தன் மாமியாரிடம், "அதுக்குப் பால் இல்லையாம், பாவம்" என்று சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. பயந்துபோய் நான் ஒரு பால்பொடி டப்பா வாங்கி வந்து வைத்தேன். அந்தச் சமயத்தில்தான் என் அக்கா வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். மூன்று பிள்ளைகளைப் பெற்றவர்; இன்றுவரை எங்களோடுதான் இருக்கிறார். டப்பாவின் மூடியைக்கூடத் திறக்காமல் என் கையில் கொடுத்து, "கடையில திருப்பிக் கொடுத்துட்டு வா. எல்லாம் வரும்" என்றார். என் மனைவியின் முதுகுக்குத் தலையணை வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் குழந்தையை மார்பில் போட்டு, கூடவே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் பால் கட்டுக்கடங்காமல் வந்தது. ஆகவே எங்கள் வீட்டில் தாய்ப்பால் என்பது போராடி ஜெயித்த ஒரு விஷயம். அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எங்களுக்குச் சுருக்கென்று தைக்கும் நிலையில் இருந்தோம் என்பதை இங்கே குறிப்பிடுகிறேன். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை.

4. மார்ச் 18, புதன்கிழமை, ஆறாவது வாரத் தடுப்பூசிக்காக நால்வரும் தாய் சேய் நல நிலையத்துக்குப் போனோம். எடைச் சீட்டு வாங்கும் வரிசையில் நான் நின்றேன். ஊசி போடும் அறைக்குள் என் மனைவி, அக்கா, குழந்தை, மேற்படி செவிலியர் ஆகிய நால்வர் மட்டுமே இருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. எனக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது.

பத்து நிமிடம் கழித்து அக்கா முகம் சிவந்து வெளியே வந்தார். "உன் பொண்டாட்டி பால்ல சத்து இல்லையாம்டா. தினம் சொட்டு மருந்து ஊத்தணுமாம். எதிர்க் கடையில வாங்கச் சொல்லிச் சீட்டு வேற" என்றார். பின்னாலேயே என் மனைவி வந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவ்வளவே போதுமானதாக இருந்தது. ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டு அழுததைப் பார்த்துத்தான் என் மனைவிக்கு அழுகை வந்தது என்பதை நான் நான்கு மாதம் கழித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

5. மார்ச் 20 அன்று, இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவில் கிடைத்த நாற்பது நிமிடத்தில் பார்வை ஒன்றில் கண்ட புகாரை அடித்து முடித்தேன். அதில் நான் எழுதியவற்றையும் உண்மையில் நடந்தவற்றையும் கீழே தருகிறேன்.

(அ) நான் எழுதியது: ‘மேற்படி செவிலியர் என் மனைவியின் தாய்ப்பால் சத்தற்றது என்று பலர் முன்னிலையில் இழிவுபடுத்திப் பேசினார்.’

நடந்தது: என் மனைவியின் நினைவில் உள்ளபடி செவிலியர் சொன்னது இது. "பால் நல்லா வருது, பாப்பா எடையும் நல்லா ஏறியிருக்கா. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் கொடுங்க, தண்ணிகூட வேணாம். வைட்டமின் டி ஒண்ணு மட்டும் எந்த அம்மாவோட பால்லயும் போதுமான அளவு வராது. அதை மட்டும் தினம் சொட்டு மருந்தா கொடுத்துடுங்க, ஒரு வயசு வரைக்கும். இது உங்க குறை இல்லம்மா. என் பிள்ளைக்கும் கொடுத்தேன்."

(ஆ) நான் எழுதியது: ‘தனியார் மருந்துக் கடை ஒன்றின் விற்பனையைப் பெருக்கும் உள்நோக்கத்துடன் சீட்டு எழுதிக் கொடுத்தார்.’

நடந்தது: நிலையத்தில் சொட்டு மருந்து இருப்பில் இல்லை. எங்கே கிடைக்கும் என்று கேட்டது என் மனைவி. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், அவசரமென்றால் எதிரிலேயே ஒன்று இருக்கிறது என்பது அவர் சொன்ன பதில். சீட்டில் மருந்தின் பெயரும் தினசரி அளவான நானூறு யூனிட்டும் இருக்கின்றன. கடையின் பெயர் இல்லை.

(இ) நான் எழுதியது: ‘மேற்படி சம்பவத்தை நான் நேரில் கண்டும் கேட்டும் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்.’

நடந்தது: பத்தி நான்கில் சொன்ன சுவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘இழிவுபடுத்தி’ என்ற இடத்தில் முதலில் ‘குறைத்து’ என்றுதான் அடித்தேன். படித்துப் பார்த்தபோது அதில் உறைப்பு போதவில்லை. அழித்துவிட்டு மாற்றினேன். ‘பலர் முன்னிலையில்’ என்பதைக் கடைசியாகச் செருகினேன். அது இருந்தால் விசாரணை வைக்காமல் விட முடியாது என்பது என் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

6. விசாரணைக் கடிதம் வீட்டுக்கு வந்த பிறகுதான் இப்படி ஒரு புகார் இருப்பதே என் மனைவிக்குத் தெரியும். படித்துவிட்டு, "இதுல இருக்கிற எதையும் அவங்க சொல்லலையே" என்றார். நான், "போட்டாச்சு. இப்ப மாத்திப் பேசினா என்னைத்தான் பொய்யன்னு சொல்வாங்க. நீ பேசாம இரு, அக்கா பேசட்டும்" என்றேன். ஏப்ரல் 2 அன்று நடந்த விசாரணையில் அக்கா பேசினார். என் மனைவி பேசாமல் இருந்தார். தட்டச்சு செய்து நீட்டிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். செவிலியரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. "நான் சொன்னது சரிதான். நாளைக்கும் சொல்வேன்" என்றார். ‘வருத்தம் தெரிவிக்கவில்லை’ என்று அது பதிவாகியிருப்பதை ஆணையில் பார்த்தேன்.

தாய்ப்பால் ஊக்குவிப்புக்கு முரணாக நடந்துகொண்டதாகக் கூறி, குழந்தைகளைப் பார்க்கும் பணியிலிருந்து அவர் மருந்துக் கிடங்குக்கு மாற்றப்பட்டார். ஊசி அறைச் சுவரில் அவர் கைப்பட எழுதி ஒட்டியிருந்த சொட்டு மருந்துக் குறிப்பும் அகற்றப்பட்டது. ஆணையின் நகல் எனக்குத் தபாலில் வந்தது. அதை என் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். ‘இவர் அடிச்சுக் கொடுத்தா வேலை நடக்கும்’ என்று பேச்சு பரவி ஆட்கள் கூடுதலாக வந்தார்கள் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

7. சொட்டு மருந்து வாங்கவில்லை. வாங்கினால் புகார் பொய்யாகிவிடும் என்று எனக்கு ஓர் எண்ணம். ஆனால் வெயில் காட்டினால் போதும் என்று அக்கா எங்கேயோ கேட்டிருந்தார். எங்கள் வீட்டைத் தாங்கள் பார்த்ததில்லை. எதிர்க் கட்டடத்தின் சுவர் எங்கள் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் அரிசி களைய வேண்டும். வெயில் படும் ஒரே இடம் மாடிப்படித் திருப்பத்தில் உள்ள கண்ணாடி ஜன்னல். அது திறக்காது. தினமும் காலை ஏழரை மணிக்கு அக்கா குழந்தையை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் கால் மணி நேரம் வைத்திருப்பார். மாடி ஏறி இறங்குகிறவர்களிடம், "வைட்டமின் வாங்கிட்டிருக்கா" என்று சிரிப்பார். கண்ணாடி வழியாக வெளிச்சமும் சூடும்தான் வரும், அந்த வைட்டமினை உண்டாக்கும் கதிர் வராது என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது.

இதே மாதங்களில் என் மனைவிக்கு இடுப்பும் தொடை எலும்பும் விடாமல் வலித்தன. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார். பிரசவ அலுப்பு என்று நினைத்தோம்.

8. ஜூலை 9, காலை எட்டரை மணி. நான் கடைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். பாயில் கிடந்த குழந்தையின் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. அக்கா முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்து அவளோடு சேர்ந்து கையை ஆட்டினார். அதற்குள் வாய் ஒரு பக்கம் கோணி, கண்கள் மேலே போய் நின்றுவிட்டன. உதடு நீலம் பாரித்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், தட்டினோம். அவள் எங்களிடம் இல்லை.

மேல் பொத்தான் போடாமலேயே தூக்கிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரர் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. வழியெல்லாம் என் மனைவி குழந்தையின் உள்ளங்கால்களைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் வெட்டு நின்றது. குழந்தைகள் மருத்துவமனை வாசலில் இறங்கும்போது மறுபடி வந்தது. ஒரு செவிலியர் என் கையிலிருந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

9. ரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கியிருந்தது. புறங்கையில் ஊசி ஏற்றி, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே, சொட்டுச் சொட்டாகக் கால்சியம் ஏற்றினார்கள். வலிப்பு நின்றது. மறுநாள் வந்த முடிவில் வைட்டமின் டி ஏறக்குறைய இல்லை என்றே இருந்தது; அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராதாம். மணிக்கட்டின் எக்ஸ்ரேயை மருத்துவர் அம்மா வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். எலும்பின் முனை, தைக்காமல் விட்ட துணி போலப் பிசிறடித்திருந்தது.

அவர் கேட்டார்: "தாய்ப்பால் மட்டும்தானே?"

"ஆமா டாக்டர்" என்றேன். அந்த நேரத்திலும் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

"ரொம்ப நல்லது. வைட்டமின் டி சொட்டு கொடுத்தீங்களா?"

"இல்ல."

"கொடுக்கணும்னு யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல டாக்டர்" என்றேன்.

என் மனைவி என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "சொன்னாங்க. ஆறாவது வாரத்துலயே சொன்னாங்க. சீட்டுகூட எழுதிக் கொடுத்தாங்க. இவர் அவங்க மேல புகார் எழுதிப் போட்டுட்டார்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மீண்டும் எழுதத் தொடங்கினார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

10. அக்காவால் மட்டும் அதை ஏற்க முடியவில்லை. "அப்ப என் மூணு புள்ளைங்களுக்கும் யாரு டாக்டர் சொட்டு விட்டா? மூணும் மலை மாதிரி நிக்கிதே" என்று கேட்டார். மருத்துவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆகறதில்லம்மா. யாருக்கு ஆகும்னு முகத்தைப் பாத்துச் சொல்லவும் முடியாது. அதனாலதான் எல்லாருக்குமே கொடுக்கச் சொல்றோம். அம்மாவுக்கே இந்தச் சத்து குறைவா இருந்தா, பிள்ளை பிறக்கும்போதே குறைவாத்தான் பிறக்கும்." என் மனைவிக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அவருக்கும் குறைவாகவே இருந்தது. பிரசவ அலுப்பு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தது இதைத்தான்.

ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். என் மகளுக்கு இப்போது சிகிச்சைக்கான கூடுதல் அளவு தரப்படுகிறது. மற்றக் குழந்தைகளுக்கு அந்த நானூறு யூனிட் போதுமாம். பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு மாறும், அளவு கூடினாலும் கெடுதல், ஆகவே கேட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். டிராப்பரை அக்கா என் கையில் தருவதில்லை. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கோடு பார்த்து, தானே கொடுத்துவிட்டு நாட்காட்டியில் கோடு போடுகிறார். குழந்தை இப்போது பிடிமானம் இல்லாமல் உட்காருகிறாள். மறு எக்ஸ்ரேயில் எலும்பு முனை சீராகி வருகிறது.

11. ஆகஸ்டு 21 பிற்பகல் மேற்படி செவிலியரைத் தேடி மருந்துக் கிடங்குக்குப் போனேன். உயரமான அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூலில் ஏறி நின்று, கட்டுத்துணிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். எண்ணி முடிக்கும் வரை திரும்பவில்லை. பிறகு இறங்கி வந்து, "உங்க மனுவோட காப்பி எனக்கும் கொடுத்தாங்க. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. நாலஞ்சு தடவை படிச்சேன். படிக்கப் படிக்க, நாம அப்படித்தான் சொல்லியிருப்போமோன்னு எனக்கே தோணிடுச்சு" என்றார்.

நான் வலிப்பு வந்ததைச் சொன்னேன். கையிலிருந்த பேரேட்டை அப்படியே பெட்டி மேல் வைத்தார். எப்போது, எத்தனை நிமிடம், கால்சியம் மறுபடி பார்த்தார்களா, உட்காருகிறாளா, அம்மாவுக்கும் மருந்து எழுதினார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசிப் பதிலுக்குப் பிறகு பேரேட்டை மீண்டும் கையில் எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களை மன்னிச்சிட்டேன்னு இப்ப சொல்ல முடியாது. அதுக்கு எனக்கு நாளாகும். ஆனா நான் ஒட்டின பேப்பரைக் கிழிச்சிட்டாங்க. அதைத் திரும்ப ஒட்டச் சொல்லி எழுதுங்க. எழுதத்தான் உங்களுக்குத் தெரியுமே" என்றார்.

12. அந்தக் காகிதம் இல்லாததால் என்ன ஆகியிருக்கிறது என்று அறிய, செப்டம்பர் 16, 23 ஆகிய இரு புதன்கிழமைகளிலும் நிலையத்தின் வாசலில் நின்று, ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த தாய்மார்களிடம் விசாரித்தேன். பதில் சொன்னவர்கள் நாற்பத்தேழு பேர். தாய்ப்பால் மட்டுமே கொடுப்பவர்கள் அவர்களில் நாற்பது பேர். அந்த நாற்பது பேரில் சொட்டு மருந்து பற்றி அறிந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரில் ஒருவர்கூட அதை நிலையத்தில் கேட்டு அறிந்ததாகச் சொல்லவில்லை. பச்சைக் குடை வைத்திருந்த ஒரு தாய், நான் கேட்டு முடிப்பதற்குள், "நீங்க எந்த மருந்துக் கம்பெனி? ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு கமிஷன்?" என்று சத்தமாகக் கேட்டுக் காவலாளியைக் கூப்பிட்டார். அந்தக் கேள்வியை அவருக்கு முன்பே எழுத்தில் கேட்டவன் நான்தான். காவலாளி என்னை வெளியேற்றினார். மீதிப் பேரை எதிர் நடைபாதையிலிருந்து கேட்டேன்.

தெரியாமல் போன முப்பத்து நான்கு குழந்தைகளும் நன்றாகவே இருக்கக்கூடும். மருத்துவர் சொன்னதுபோல, யாருக்கு வரும் என்று பார்த்தால் தெரியாது.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் வேண்டுகிறேன்.

(அ) பார்வை ஒன்றில் கண்ட என் புகார் பொய்யானது என்று கோப்பில் பதிவு செய்து, அதன்பேரில் பிறப்பித்த ஆணையை ரத்து செய்ய வேண்டும். செவிலியரின் பணிப் பதிவேட்டில் இது தொடர்பான குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது.

(ஆ) அவருக்கு விருப்பம் இருந்தால் அவரை மீண்டும் தடுப்பூசிப் பிரிவில் பணியமர்த்த வேண்டும். விருப்பத்தை அவரிடமே கேட்க வேண்டும்; என்னைப் போல் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

(இ) பிறந்த சில நாள்களுக்குள்ளேயே ஒவ்வொரு தாய்க்கும் சொட்டு மருந்து பற்றிச் சொல்லவும், தடுப்பூசி அட்டையில் அதற்கு ஒரு வரி சேர்க்கவும், மருந்தை நிலையத்தில் இருப்பு வைக்கவும் உத்தரவிட வேண்டும். அறிவிப்பில் ‘உங்கள் பால் நல்ல பால்’ என்பது முதல் வரியாக இருந்தால், என் வீட்டைப் போன்ற வீடுகளில் இரண்டாவது வரியையும் படிப்பார்கள்.

(ஈ) பொய்ப் புகார் கொடுத்ததற்காக என் மீது விதிகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். என் அக்கா தனக்குப் புரிந்ததைச் சொன்னார். என் மனைவி நான் சொன்னதால் பேசாமல் இருந்தார். தெரிந்தே எழுதியவன் நான் ஒருவன் மட்டுமே.

இம்மனுவில் கண்டவை யாவும், நான் நேரில் பார்த்தவையும், நேரில் இருந்தவர்களைக் கேட்டு அறிந்தவையும் ஆகும். எது எந்த வகை என்பதை அந்தந்த இடத்திலேயே குறித்திருக்கிறேன். தாங்கள் அழைக்கும் நாளில் கடையை மூடிவிட்டு வந்து நிற்கத் தயாராக இருக்கிறேன்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: அக்டோபர் 14

இப்படிக்கு,
(ஒப்பம்)
மனுதாரரும் எதிர்மனுதாரரும்

இணைப்பு: 1. செவிலியர் எழுதிய சீட்டு, அசல். 2. டிஸ்சார்ஜ் சீட்டும் இரு எக்ஸ்ரே அறிக்கைகளும், நகல். 3. தாய்மார்களிடம் கேட்டறிந்த பட்டியல், பெயர்கள் இன்றி.

பின்குறிப்பு, குழந்தையின் தாய் கைப்பட எழுதியது:

அம்மா, இதையும் அடித்துத் தருகிறேன் என்று என் கணவர் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்கு இவரைப் போல எழுத வராது.

பதின்மூன்றாவது பத்தியில், நான் பேசாமல் இருந்தது இவர் சொன்னதால் என்று எழுதியிருக்கிறார். அது முழு உண்மை இல்லை. விசாரணை அறையில் அந்த சிஸ்டர் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டார். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது. குழந்தையின் துணியைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குப் பால் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது என் வீட்டுக்காரரும் இவர் அக்காவும் என் பாலுக்காக ஒரு அதிகாரி முன்னால் சண்டை போட்டார்கள். கேட்க நன்றாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

பத்தாவது வார ஊசிக்குப் போனபோது அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அட்டையில் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு இருபது பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவரிடமாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுபடி விசாரணை வைப்பீர்கள் என்றால் இவரை மட்டும் கூப்பிட வேண்டாம். அறைக்கு உள்ளே இருந்தவள் நான். என்னைக் கூப்பிடுங்கள். அந்த சிஸ்டரும் இருக்கட்டும். அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

(ஒப்பம்)
குழந்தையின் தாய்